ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலை

இன்று லப்பைக்குடிக்காட்டில் நான் படித்த பள்ளியில், முன்னாள் மாணவர்களுக்குப் பாராட்டு விழா. புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டுக்கும் சேர்த்துத்தான்.

என்னோடு படித்த ரபீக் துபாயிலிருந்து வீடியோ காலில் அந்தப் போர்டில் வந்தான். அவனுக்கான விருதை வாங்க அவன் அம்மா வந்திருந்தார்.

"ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலைம்மா. அலுங்காம இருக்கான், அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்தாள். "அண்ணா, உங்க ஆபீஸைக் காட்டுங்களேன்!"

ரபீக் தயங்கினான். பிறகு போனைத் திருப்பினான்.

கண்ணாடிக்கு வெளியே மேகம். வெகு கீழே மொட்டை மாடிகள், அதற்கும் கீழே எறும்பு வரிசையாய் லாரிகள். கட்டடம் கட்டும் கிரேனின் உச்சியில், ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். ஏசி இருந்தது.

அம்மா எழுந்து போர்டுக்கே ஓடினார்.

"யா அல்லாஹ்! டேய், மொதல்ல எறங்குடா!"

"எட்டு வருசமா இங்கதாம்மா இருக்கேன். ஒண்ணும் ஆவாது."

விருதை நீட்டிய தலைமையாசிரியரை அவர் கவனிக்கவே இல்லை. திரையையே அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்:

"எம்புள்ள எவ்ளோ ஒசரத்துல இருக்கான் பாருங்க சார்!"

நீங்கள் வீட்டில் என்ன வேலை என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.