நாலு விரல் மேலே வைத்த புள்ளி

பனியை ஒருமுறைகூடத் தொடாமல், பனியில் தாவுகிறவர்களின் மூட்டுகளை நாள் முழுக்கத் தொடுவதுதான் எங்கள் தொழில். உயரமான பனிச்சரிவில் சறுக்கி வந்து, விளிம்பில் எம்பி, காற்றில் மிதந்து இறங்கும் ஸ்கீ ஜம்பிங் வீடியோக்கள் வெளிநாட்டிலிருந்து எங்கள் தில்லைநகர் ஆபீசுக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று புள்ளி வைப்போம். கோணங்களைக் கணினி கணக்கிடும். அதைப் பார்த்து அங்கே கோச் திருத்துவார். திரையில் புள்ளி வைத்தே கண் பூத்துப்போன நண்பர்களே, உங்களுக்குப் புரியும்.

விழாதவர்கள்

இது நான் சேர்வதற்கு முன் நடந்தது; பக்கத்து சீட் ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடங்கி, கைகள் விரிய இறங்குவதுதான் அழகு. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பயிற்சிக் காலத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துப் பதறி, எல்லாருக்கும் ‘விழுந்தார்’ என்று குறித்துவிட்டார். அவரை நிரந்தரமாக்கவில்லை. கோச்சின் மெயிலை அக்கா இன்றும் தமிழில் சொல்லிக் காட்டுவார்: “என் பசங்க மெடல் வாங்கிட்டு வந்திருக்காங்க, நீங்க ஏன் எல்லாரையும் கீழ தள்ளுறீங்க?”

பாதம் எங்கே?

காற்றில் இருக்கும்போது காலிலுள்ள இரண்டு பலகைகளும் முன்னால் விரிந்து, பின்னால் சேர்ந்திருக்கும். நடுவில் உடம்பு கிட்டத்தட்டப் படுத்தே வரும். பலகைகள் மறைக்காததால் உடம்பையும் காற்று தாங்குகிறது என்று புரிந்த அன்று நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். “சார், காத்து மேல படுத்துக்கிட்டு வர்றார் சார்!”

எங்கள் வேலையைச் சரிபார்க்கும் ரங்கராஜன் சார் ஸ்ரீரங்கத்துத் தென்கலைக்காரர்; நாமத்துக்கு அடியில் மூக்குவரை இறங்கும் பாதமும் வைப்பவர். விரிந்த பலகைகளை உற்றுப் பார்த்தார். “நாமம் பேஷா இருக்கு. ஆனா பாதம் இல்லையேம்மா. எங்க தெருவுல ஒத்துக்கமாட்டா.”

நாலு விரல்

வெள்ளிக்கிழமை என் நிரந்தர ஆணை வரவேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி நான். அம்மா சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை, சரிவில் அவர்கள் குந்தி வருவதுபோல நானும் சீட்டுக்குப் பின்னால் குந்தி, இடுப்பில் கைவைத்து, விருட்டென்று எம்பிப் பார்த்தேன். கைவைத்த இடம் மடியவே இல்லை. மடிந்து விரிந்தது நாலு விரல் கீழே, தொடை உடம்போடு சேரும் மூட்டு! எங்கள் வீட்டில் இடுப்பு என்றால் பாவாடை நாடா கட்டும் இடம். இரண்டு வாரமாக அங்கேதான் புள்ளி வைத்திருந்தேன். நன்றாகக் குந்தியவர்கள்கூட, எம்புவதற்கு முன்பே பாதி நிமிர்ந்துவிட்டதுபோலக் கோணம் வந்திருந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்திய பிறகுதான் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. சாரே சரியென்று அனுப்பிவிட்ட வேலை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சாரிடம் சொல்லிவிட்டேன்.

“நாளன்னிக்கு உன் ஆர்டர். ஞாபகம் இருக்கோன்னோ?” என்றார் சார்.

“இருக்கு சார். ஆனா அவங்க தப்பா பழகிடுவாங்க சார்.”

அவர் உடனே கோச்சை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் உளறி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஜெசிந்தா அக்கா பதிலைத் தமிழாக்கினார்: “இன்னும் கீழ குந்துங்கடான்னு நாளைக்குப் பசங்களைத் திட்டறதா இருந்தேன். ஏற்கெனவே அவங்க மூக்கு முட்டியில இடிக்குது!”

எல்லாப் புள்ளியையும் இறக்கி வைக்க வேண்டியிருந்ததால் ஆணை ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு வீட்டில் அகராதியைத் திறந்து பார்த்தேன்: ஹிப் என்றாலும் இடுப்பு, வெய்ஸ்ட் என்றாலும் இடுப்பு; என் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.