ட்வீட்டரில் பழுது இல்லை

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. காகிதப் பைகள் வருவதற்கு முன்னால் தூளை அடைத்து அனுப்பிய பிளைவுட் பெட்டிகள் அங்கே கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அறையைக் காலி செய்தபோது மேலாளரிடம் கேட்டு நான்கு பெட்டிகளை ஜீப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விறகுக்கு என்று நினைத்த என் மனைவி, மண்வெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கோடாலியை எடுத்து வந்து வைத்தாள். ஸ்பீக்கர் செய்யப்போகிறேன் என்றேன்.

"பாட்டுக் கேக்கவா? அதான் போன்லயே கேக்குதே," என்றாள்.

நான் ஃபிட்டர். மூணாறு மலையில் ஒரே தொழிற்சாலையில், இலையை அரைக்கிற மெஷின்களைக் கழற்றி மாட்டுவதுதான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் வேலை. மனைவி அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவில் பாடுவாள். மகளை நர்சிங் படிப்புக்குக் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஜோடி பாடிக்கொண்டிருந்தது. தபேலாவின் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் வந்து விழுந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மகளை விட்டுவிட்டு வந்த வருத்தத்தில் நிற்கிறேன் என்று அவள் நினைத்ததாகப் பிறகு சொன்னாள். அதுவும் கொஞ்சம் உண்டு.

ஊருக்கு வந்ததும் போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பெட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். மகளின் அறை பட்டறை ஆனது.

தேயிலைப் பெட்டிப் பலகையில் கட்டிய முதல் ஸ்பீக்கர் உருப்படவில்லை. பலகை மிக மெல்லியது. உள்ளே கனத்த சத்தம் தருகிற ஊஃபர் அடிக்கும்போது பெட்டியும் சேர்ந்து அடித்தது. பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் கை கூசியது. பாடுகிறவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. அந்தப் பலகை கடைசியில் விறகாகத்தான் போனது.

இரண்டாவது முறை தடித்த பிளைவுட்டை, மலைக்குக் கீழே இருக்கிற போடியிலிருந்து வரவழைத்தேன். முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல மரம் வேண்டும் என்று ஆசை. காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரங்களை அறுக்கும் மில்லில் இரண்டு பலகைகள் கிடைத்தன. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம்தான். தினமும் அதன் அடியில் நடந்திருக்கிறேன். உள்ளே மீன் செதில்போல மின்னும் வரிகள் இருப்பது, இழைப்புளி ஓட்டிய பிறகுதான் தெரிந்தது.

இரும்பில் வேலை செய்து பழகியவனுக்கு மரம் எரிச்சலூட்டும். காலையில் சரியாகப் பொருந்திய மூலை, மூடுபனி இறங்கிய சாயங்காலம் பொருந்தாது. மறுபடி இழைத்தால் வெயில் வந்ததும் இடைவெளி தெரியும். ஒரு வாரம் பலகையை அடுப்படிச் சுவரில் சாய்த்துவைத்துக் காயவிட்டுப் பிறகு வெட்டினேன். மூலைகளைப் பசை போட்டு இறுக்கி, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, காற்றுப் போக ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பொருத்தினேன். கனத்த சத்தத்தை ஊஃபருக்கும், மெல்லிய கூர்மையான சத்தத்தை மேலே இருக்கிற சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்ப ஒரு சர்க்யூட் வேண்டும். அதையும் வீடியோ பார்த்து நானே பற்றவைத்தேன்.

பாட்டு ஓடியது. ஊஃபர் நான் கோயம்புத்தூரில் கேட்டது மாதிரியே அடித்தது. ட்வீட்டரில் மட்டும் உயிர் இல்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் ஏதோ லேசாகக் கேட்டது. வயரை மாற்றிப் பார்த்தேன். இடதை வலதாக, வலதை இடதாக மாற்றினேன். இரண்டும் ஒரே மாதிரி மந்தம். ட்வீட்டர் ஜோடியைக் கழற்றி, தபாலில் வாங்கிய கடைக்கே பழுதான சரக்கு என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் புதிய ஜோடி அனுப்பினார். அதுவும் அப்படியே இருந்தது. கடைசியில் சர்க்யூட்டில் ட்வீட்டரின் சத்தத்தைக் குறைப்பதற்காக இருந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். சலங்கை சலங்கையாகக் கேட்டது. எனக்குத் திருப்தி.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, மனைவியோடு பாடும் பெண்கள் நான்கு பேர் தங்கள் கிறிஸ்துமஸ் பாடல் பதிவைக் கேட்க வந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் கட்டன்சாயாவோடு உட்கார்ந்தார்கள். முதல் சரணம் முடிவதற்குள் ஒருத்தி கம்மலைச் சரிசெய்வதுபோல் காதை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, "ரொம்ப நல்லாருக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். இரண்டாவது பாட்டுக்கு யாரும் இருக்கவில்லை. வீட்டில் சோறு வடிக்கணும் என்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அவர்கள் போனதும் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"மேல இருக்கிற அந்தச் சின்னத கொஞ்சம் கொறைங்க. காதுல ஊசி குத்துத மாதிரி இருக்கு."

"இப்பதான் சரியா இருக்கு. மொதல்ல செத்துக் கெடந்துச்சு."

"மொதல்லதான் நல்லா இருந்துச்சு. நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"ஒனக்கு ஸ்பீக்கரப் பத்தி என்ன தெரியும்?"

அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். "ஸ்பீக்கரப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும். அடுப்படில நின்னு கூப்பிட்டா நீங்க திரும்புதது இல்ல. பிள்ள போன்ல பேசினா, என்ன சொல்லுதா, என்ன சொல்லுதான்னு என்னையத்தான் கேக்குதீங்க. அவ ஒழுங்காத்தான் பேசுதா."

எனக்குக் கோபம் வந்தது. மெஷினில் பேரிங் கெட்டால் அடுத்த அறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறவன் நான். அதை அவளிடம் சொன்னேன். நிரூபித்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரே ஸ்வரமாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூர்மையாகி மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு ஒலிப்பதிவைப் போனில் வைத்திருந்தேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிக்கொள்வது, சத்தம் நின்றதும் கையை இறக்குவது என்று சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆரம்பத்தில் மெஷின் உறுமுவதுபோல் இருந்தது. பிறகு புல்லாங்குழல், பிறகு விசில். விசில் ஏறி, மெலிந்து, நின்றது. கையை இறக்கினேன். முடிந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். கை மேலேயே இருந்தது.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். போன் திரையைப் பார்த்தேன். கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அறையில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கையை இறக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"எப்ப எறக்கினீங்க?" என்றாள்.

"அப்பவே," என்றேன்.

மறுநாள் மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டு, "தேனியில காதுக்குப் பாக்காங்களாம், வாங்க," என்றாள்.

தேனியில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியாமலே சில தடவை அழுத்தினேன். வெளியே வந்தபோது சோதித்த பெண் டாக்டர் ஒரு வரைபடத்தை நீட்டினார். கனத்த சத்தங்களுக்கு நேராக வந்த கோடு, கூர்மையான சத்தங்கள் தொடங்கும் பாதியைத் தாண்டியதும் சரிந்து கீழே போயிருந்தது.

"என்ன வேலைங்கய்யா பாக்கிறீங்க?"

"தேயிலை ஃபேக்டரி. மெஷின் பக்கம்."

"காதுல மாட்டிக்க ஏதும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. பையில கெடக்கும். மாட்டினா பேரிங் சத்தம் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "போனது திரும்ப வராதுய்யா. இருக்கிறத வச்சுக் காப்பாத்திக்கலாம். இனிமே மாட்டாம உள்ள போகாதீங்க. மெஷின் வச்சுக்கிட்டா பேச்சு தெளிவாகும்."

மெஷின் என்று அவர் சொன்னது காதுக்கு மாட்டும் கருவியை. பிறகு பார்க்கலாம் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில், திருப்பி அனுப்பிய அந்த ட்வீட்டர் ஜோடியை நினைத்து வெட்கமாக இருந்தது. நல்ல பொருளைப் பழுது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கடைக்காரருக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் பரவாயில்லை சார் என்றாரா வேறு ஏதாவது சொன்னாரா என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மனைவியிடம் போனைக் கொடுத்தேன்.

அப்புறம் பல வாரம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. காது போனவன் ஸ்பீக்கர் கட்டினான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று இருந்தது. பெட்டிகள் இரண்டும் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றன. தொழிற்சாலையில் காதை மூடும் கவசத்தை மாட்டத் தொடங்கினேன். முதல் வாரம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. பேரிங் கெட்டதைக் கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகினேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், மனைவி சேலையை எடுத்து மடித்துவைத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கழட்டிப் போட்டத திரும்ப மாட்டுங்க. நீங்க மாட்டுங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்."

"ஒனக்கு எதுக்கு இந்தத் தொல்ல?"

"அதுல பாடுதது நானு. எனக்குக் கேக்கணும்ல."

நான்கைந்து அளவில் ரெசிஸ்டர்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றாக மாட்டி ஒரே பாட்டை ஓடவிட்டேன். ரெசிஸ்டரை அளக்கிற ஓம் கணக்கு அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. "இதுல சகாரமெல்லாம் பாம்பு மாதிரி சீறுது" என்றாள். அடுத்ததற்கு, "இது ஜலதோசம் புடிச்ச மாதிரி." அதற்கு அடுத்ததற்கு ஒன்றும் சொல்லாமல் பாட்டு முடியும்வரை இருந்தாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அவளுக்குத் தெரியாமல் வரிசையை மாற்றி மாற்றி மாட்டினேன். மூன்று தடவையும் பேசாமல் இருந்தது ஒரே ரெசிஸ்டருக்குத்தான். அதையே பற்றவைத்துப் பின்பக்கத்தை மூடினேன். மூடிய பிறகு என் காதுக்கு அந்த ட்வீட்டர் பழையபடி மந்தமாகத்தான் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரியும்.

மீதி இருந்தது பாலீஷ். மூன்று தரத்து உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தால் பூசினேன். அது ஜூலை. ஜன்னலை மூடினாலும் மூடுபனி உள்ளே வரும். பூசின அரை மணி நேரத்தில் முகப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். மறுபடி பூத்தது. மூன்றாம் தடவை மனைவி, "போடிக்குக் கொண்டுபோவோம். அங்க வெயிலு காயுது," என்றாள். போடியில் அவள் தம்பி வீடு.

ஊஃபரையும் ட்வீட்டரையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் பெட்டிகளைக் கயிறு கட்டி ஜீப்பில் ஏற்றினோம். போடிமெட்டு செக்போஸ்டில் காவலுக்கு இருந்த மலையாளி, மர விஷயம் என்று இறங்கச் சொன்னார். பெட்டியின் முகப்பில் பெரிய வட்ட ஓட்டை, அதற்கு மேலே சின்னது. ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இது எந்தா சேட்டா, கிளிக்கூடாணோ?"

"ஸ்பீக்கர் பெட்டி சார்."

"அப்போ பாட்டு எவிடே?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மனைவி, "பாட்டு இங்க இருக்கு சார்" என்று தன்னைக் காட்டிச் சொன்னாள். ஜீப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கையை ஆட்டினார்.

போடி மொட்டைமாடியில் அரக்கு பூசிய சற்று நேரத்தில் காய்ந்தது. இரண்டு நாளில் எட்டுப் பூச்சு கொடுத்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் சில்வர் ஓக்கின் செதில்கள் இன்னும் கொஞ்சம் மேலே எழுந்து வந்தன. வெளிச்சம் மாறும்போது அவையும் அசைவதுபோல் தெரிந்தன. அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மச்சினன் மாடிக்கு வந்து, "விக்கிறதுக்கா மாமா?" என்றான். இல்லை என்றேன்.

திரும்பிக் கொண்டுவந்து முன்அறையில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், சுவரிலிருந்து எவ்வளவு என்பதையெல்லாம் அவள்தான் நகர்த்தி நகர்த்தி முடிவுசெய்தாள். ஒரு தடவை எழுந்து வந்து, தங்கள் கிறிஸ்துமஸ் பாடலை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னாள். மறுபடி அந்த வரி.

"மூணாவது சரணத்துல நான் எறங்கிட்டேன். சுருதி விட்டுப் போச்சு. போன்ல தெரியவே இல்ல, பாருங்க."

நிஜமாகவே அவள் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம் பயிற்சியில் போதகரிடம் சொல்லி அந்தச் சரணத்தை மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள்.

காது மெஷின் இப்போது வாங்கிவிட்டேன். மகள் போனில் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. பாட்டுக்கு மட்டும் அதைக் கழற்றிவிடுவேன். மெஷின் வழியாக வந்தால் எல்லாம் தகரம்போல் இருக்கிறது. சாயங்காலம் அவள் கொழுந்து நிறுத்துப் போட்டு வந்து குளித்ததும் ஒரு பாட்டு போடுவோம். கீழே ஓடுவது எனக்குக் கேட்கும். மேலே என்ன ஓடுகிறது என்று அவளைக் கேட்பேன். "சலங்கை வருது", "இப்ப வயலின் மேல போகுது" என்று சில சமயம் சொல்வாள். பல சமயம், "சும்மா இருங்க, பாட்டு ஓடுது" என்பாள்.