ஊதா நாக்கு

மாலை ஐந்தரை மணி. கேட்டருகே நான் முதலில் பார்த்தது ஒரு நாக்கை. நன்றாக நீட்டிய, நுனிவரை ஊதா ஏறிய நாக்கு.

ராயபுரத்தில், மீன் ஏலம் போடும் கரைக்குப் பின்தெருவில் இருந்தது அந்த ஐஸ் கம்பெனி. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கொட்டகையில் மீனுக்கான ஐஸ் பாளம், இன்னொன்றில் குச்சி ஐஸ். ஆண்கள் தகர அச்சுகளில் ஊதா, ஆரஞ்சு என்று சாயம் கலந்த இனிப்புத் தண்ணீரையோ, சாயமில்லாத பாலையோ ஊற்றி, மூங்கில் குச்சி செருகி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். உறைந்ததும் அச்சைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, குச்சியைப் பிடித்து உருவுவார்கள். அதன் பிறகு எங்கள் வேலை. தாழ்ந்த பலகைகளில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி, மேலே மடித்து, கீழே குச்சியோடு சேர்த்து முறுக்கி, மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போய்விடும். கையில் தாள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

வேலை விட்டு வெளியேறும்போது கேட்டில் மேஸ்திரியிடம் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நிறம் இருந்தால் ஐஸ் தின்றதாகக் கணக்கு, வேலை போய்விடும். இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டும். சாயம் கலக்கி ருசி பார்த்த ஆண்களின் நாக்கை யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் தின்னவே இல்லை என்று நான் எழுதப் போவதில்லை. குச்சியைவிட்டு உடைந்து விழுந்ததை விற்க முடியாது. சாக்கடைக்குப் போக வேண்டியதை நாங்கள் வாயில் போட்டுக்கொண்டோம். ஆனால் பால் ஐஸை மட்டும். அது நாக்கில் தெரியாது. கொட்டகையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த இந்த விஷயம் மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அந்த ஊதா நாக்கைப் பார்த்துத் திகைத்தேன். அது எனக்கு எதிர்ப்பலகையில் உட்காரும் தண்டையார்பேட்டை அக்காவின் நாக்கு. அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இடுப்பில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. நாக்கைப் பார்த்து விரட்டப்பட்டவளைச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஐஸ் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது.

"இன்னாமே இது?" என்றார் மேஸ்திரி.

"நாவப்பழம். டீ டைம்ல வாங்கித் துன்னேன். வெளிய கூடைக்காரி குந்திகினு கீறா, போய் கேளு."

"நாவப்பழமா? எந்த மரத்துலமே குச்சி சொருகிக் காய்க்குது?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மேஸ்திரி, எம் புள்ள அழுது பொரண்டாக்கூட உன் ஐஸை நான் வாங்கித் தர்றதில்ல. அந்த சாயத் தண்ணியையா நான் துன்னுவேன்?"

இப்போது எங்கள் பக்கம் சிரித்தது. மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. நாக்கின் நிறத்தை அவர் அதற்குள் மறந்திருப்பார் என்பது என் கணிப்பு; அந்த நாக்கு பேசியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கூடைக்காரியிடம் போய்க் கேட்கவில்லை. உள்ளே போய், அக்காவின் பலகையைத் தூக்கிவந்து தெருவில் எறிந்தார்.

அவள் பலகையை எடுத்து மண் தட்டினாள்.

"நாளிக்கு வருவேன்," என்றாள்.

வந்தாள். மறுநாள் காலை நாங்கள் உள்ளே போகும்போது, கேட்டுக்கு எதிரே, நாவல்பழக் கூடைக்குப் பக்கத்தில் அதே பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் முறையிடவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே, தாள் சுற்றிக்கொண்டே வண்ணாரப்பேட்டை பாய் வீட்டுப் பெண் பேச்சை எடுத்தாள். "அவ மட்டும்தான் நாவப்பழம் துன்னணுமா? நாமளும் துன்னா இன்னா?"

"வேல பூடும்டி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அத்தினி பேரையும் தொரத்திட்டு, ஆடித் திருவிழாவுக்கு மேஸ்திரியே குந்திகினு தாளு சுத்துவாரா?"

அது ஆடி மாதம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை தெருவுக்கொரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கூட்டம் இருக்கிற இடமெல்லாம் எங்கள் பெட்டிகள் போயாக வேண்டும்.

டீ நேரத்தில் கூடை காலியானது. பழத்தை உப்பு போட்டுக் குலுக்கித் தின்றோம். துவர்ப்பில் நாக்கு தடித்தது. சிலர் நிறம் நன்றாக ஏறட்டும் என்று கொட்டையைக்கூடத் துப்பாமல் சப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்து, "உனுக்கு பத்தலமே, இன்னும் ரெண்டு துன்னு," என்றாள்.

சங்கு ஊதியதும் வரிசையில் நின்றோம். மேஸ்திரி கேட்பதற்கு முன்பே நாக்கை நீட்டினோம். கேட்காமல் ஒருவர் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினால் என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும். என் முறை முடிந்த பிறகும் நான் அதை உள்ளே இழுக்கவில்லை.

வரிசை சத்தமில்லாமல், நகராமல் நிற்பதைப் பார்த்து முதலாளி வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்னவே இது, பத்ரகாளி கோயில் கணக்கா நிக்காளுவ?"

"நாவப்பழம் மொதலாளி," என்றாள் பாய் வீட்டுப் பெண். "உங்க ஐஸும் இதே கலருதான். எது பழம், எது ஐஸுன்னு மேஸ்திரி பாத்து சொல்லட்டும்."

"சொல்லும்வே," என்றார் முதலாளி.

மேஸ்திரி ஒவ்வொரு நாக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டு வரிசையின் கடைசிவரை போனார். திரும்பி வந்தார். முதலாளியைப் பார்க்காமல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிற்காலத்தில் பத்திரிகைக்காக எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பேச்சாளர் இருந்தார், ஒரு கோரிக்கை வாசிக்கப்பட்டது. எல்லாரும் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு கோஷமும் போடாமல் நடந்தது இது ஒன்றுதான்.

முதலாளி எங்களைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே பலகையில் இருந்தவளைப் பார்த்தார். "நாளைக்கு அந்தப் பொம்பளைய வரச் சொல்லும்," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "வர்றேன் மொதலாளி. பலகைய வெளிய போட்ட கையி, உள்ள எட்த்துப் போடட்டும்."

முதலாளி நின்றார்.

"எடுத்துப் போட்டுட்டு வாரும்வே. விடிஞ்சா பெட்டி போவணும்."

அக்கா எழுந்து ஒதுங்கி நின்றாள். மேஸ்திரி பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசையைக் கடந்து உள்ளே போனார். அவர் கடந்து முடிக்கும்வரை யாரும் வாயை மூடவில்லை.

மறுநாள் அவள் எனக்கு எதிரே, பழைய இடத்தில் உட்கார்ந்து தாள் சுற்றினாள். அச்சுகளில் ஆரஞ்சும் பச்சையும் ஊற்றியிருந்தார்கள். ஊதாச் சாயப் புட்டியை அதன் பிறகு அந்தக் கொட்டகையில் நான் பார்க்கவில்லை. பால் ஐஸ் வழக்கம்போல் வந்தது.