நல்ல மனசோடு எழுதிய கடிதம்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல மனசோடு, லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து எழுதினேன். ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் போதுமான கடிதம் அது.

வியாழக்கிழமைகளில் நான் குலசேகரம் போவது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். ஒரு டியூஷன் சென்டர் மாடியில் அறை. அங்கே வைத்துத்தான் கவுன்சலிங். அன்றைக்கு வந்தவரைச் செல்வராணி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது தாண்டியவர். ஒரு தனியார் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி.

தானாக வரவில்லை, எஸ்டேட் ஆபீஸ் அனுப்பியது. "கோபம் அதிகம். கவுன்சலிங் முடித்து லெட்டர் வாங்கி வந்தால்தான் வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன கோபம், யார்மேல் கோபம்? அதைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. கேள்வித்தாளை எடுத்தேன்.

"அதிகாலையிலேயே முழிப்பு வந்துடுதாக்கா?"

"வரும். மூணு மணிக்கு."

"தினமுமா?"

"மழையில்லன்னா தினமும்."

டிக் அடித்தேன்.

"மத்தவங்களோட பேசறது குறைஞ்சிருக்கா?"

"வெட்டுக்க நேரத்துல யாருகூட பேச, மேடம்?"

அதற்கும் ஒரு டிக். சோறு இறங்குவதில்லை என்றார். மனசு ஒன்றிலும் நிற்பதில்லை என்றார். கூட்டிப் பார்த்தேன், மார்க் எகிறியிருந்தது. பாவம், எவ்வளவு தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். 'கடுமையான மன அழுத்தம். மூன்று மாதம் முழு ஓய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். "செரி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை மதியம் வடசேரியில் என் தோழி ஜெஸியின் வீட்டில் கூடுவோம். நாங்கள் நான்கு பேர், நாலு பேருக்கும் இதே தொழில். செல்ஃப் கேர் என்றால் முகத்தில் வெள்ளரிக்காய் வட்டம் வைத்துக்கொண்டு படுப்பது என்று வீடியோக்கள் சொல்கின்றன இல்லையா... எங்களுடையது வேறு மாதிரி. முதல் ஒரு மணி நேரம் கிழங்கு, மீன்கறி, ஊர்க்கதை. எனக்கு மட்டும் மீனுக்குப் பதில் மிளகாய்த் துவையல். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல், அந்த வாரம் செய்த தப்பு. தப்பே செய்யாத வாரம் யாருக்கும் கிடையாது என்பது எங்கள் சட்டம்.

எனக்கு அந்த வாரம் தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால், என்னிடம் வந்த ஒரு தொழிலாளிக்கு எப்படி மூன்று மாத ஓய்வு வாங்கிக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணி முழிப்பு என்ற இடத்தில் ஜெஸி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, வெட்டுக்குப் போறவ மூணு மணிக்கு எழும்பாம பின்ன எப்ப எழும்புவா? வெயில் ஏறினா பால் வடியுமா?"

ஜெஸியின் அம்மா முப்பது வருஷம் பால் வெட்டியவர்.

"மழையில்லன்னா தினமும்னு சொன்னாளாம். இவ அதுக்கும் டிக் போட்டிருக்கா. மழைக்கு லீவு போடுத டிப்ரஷன் எங்கட்டி இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஜெஸிதான் முதலில் நிறுத்தினாள். "சிரிக்காத பிள்ள. மூணு மாசம் ஓய்வுன்னு எழுதிக் குடுத்திருக்க. அவளுக்க மரத்த நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க. அவள வெளிய தள்ள எஸ்டேட்காரங்களுக்கு வேண்டியிருந்ததே இப்படி ஒரு கடுதாசிதான்."

வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மரம் கைமாறினால் வேலை போயிற்று. இதுகூட எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் யார் தெரியுமா? போன மாதம் ஒரு கல்லூரியில் காலனிய நீக்க உளவியல் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியவள். வேறு தேசத்தில், ஒன்பது மணி ஆபீஸுக்குப் போகிறவர்களை வைத்து எழுதிய கேள்விகளால் நம் ஆட்களை அளக்கக் கூடாது என்றேன். கைதட்டினார்கள். அதே கேள்வித்தாளைத் தமிழில் மாற்றி வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறேன், பாருங்கள்.

கேள்வித்தாள் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. என்னுடையது நெல்வயல் வைத்திருந்த சைவக் குடும்பம். அறுப்புக்கு வருகிறவர்களுக்கு அடுக்களைக்கு வெளியே தனி டம்ளர் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான், பத்து வயது வரை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பரிதாபப்படத் தெரிந்தது. என்ன நடந்தது என்று கேட்கத் தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்தது. இனி குலசேகரம் போகவே வேண்டாம், எனக்குத் தகுதியில்லை என்றேன். ஜெஸி கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழணும்னா இப்ப அழுது தீத்துக்க. திங்கக்கிழம காலைல பஸ் ஏறு. உனக்கிட்ட வாற ஆளுகள அன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான். என் திங்கட்கிழமையை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.

திங்கட்கிழமை செல்வராணியின் வீட்டைத் தேடிப் போனேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டாரா? வழியெல்லாம் அதே நினைப்பு. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"குடுக்கல்ல மேடம். குடுத்தா எனக்க மரம் போயிரும்லா?"

உயிர் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீங்க அந்தக் கேள்வித்தாள்ல உள்ளத பூரா கேட்டிய. என்ன நடந்துதுன்னு மட்டும் கேக்கல்ல."

இப்போது கேட்டேன். சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னால் இவரைச் சாதியைச் சொல்லித் திட்டியிருக்கிறார். செல்வராணி பால் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போய், அதே ஆட்கள் முன்னால் அந்த ஆள் மன்னிப்புக் கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் 'கோபம் அதிகம்' என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

பழைய கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். புதியதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். 'இவர் வேலை செய்ய முழுத் தகுதி உள்ளவர். இவருடைய வருத்தத்துக்குக் காரணம் வேலையிடத்தில் சாதியைச் சொல்லி அவமதித்தது. அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் எஸ்டேட்.' நான் 'பாதிக்கப்பட்ட பெண்' என்று எழுதியிருந்ததை அவர் அடிக்கச் சொன்னார். "தொழிலாளின்னு போடுங்க. அது போதும்."

மறுநாள் கூட வெட்டுகிற பெண்களையும் அழைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். நிறுத்தி வைத்திருந்த வேலை திரும்பக் கிடைத்தது, மரமும் கைமாறவில்லை. மன்னிப்பு இன்னும் வரவில்லை. அதற்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். எந்த விசாரணைக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன் என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விடுவதாக இல்லை.

களைத்துப் போகாமல் இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று சில வாசகர்கள் கேட்பதுண்டு. களைத்துத்தான் போகிறேன். ஆனால் நான் தப்பு செய்தால் முகத்துக்கு நேரே சொல்லவும், சொன்ன கையோடு என் பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்ளவும் மூன்று பேர் இருக்கிறார்கள். தனியாக இருந்திருந்தால், அந்தக் கடிதத்தை ஒரு நல்ல காரியம் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

போன வியாழன், இதைப் பத்தியில் எழுதலாமா, பெயரை மாற்றிவிடுகிறேன் என்று செல்வராணியிடம் கேட்டேன்.

"எனக்க பேர மாத்திக்கிடுங்க. நீங்க செஞ்ச தப்ப மாத்தப்பிடாது."

மாற்றவில்லை.