ஐஸ் பிடிச்ச அன்னிக்கு

எங்க தெருவுலயே முதல் பிரிட்ஜ் எங்க வீட்டுலதான். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா இருந்து, பென்சனோட புதுச்சேரிக்குத் திரும்பினப்ப, கப்பல்ல சாமானோட சாமானா அதுவும் வந்து இறங்குச்சு. வெள்ளை வெளேர்னு என் தோள் உயரம். அதைப் போய் யாராவது குசினியில, அடுப்புப் பக்கத்துல வைப்பாங்களா? கூடத்துல, எங்க கல்யாண போட்டோவுக்குக் கீழ வெச்சேன். மேல நானே பின்னின லேஸ் விரிப்பு.

எழுபதுகளோட கடைசியில ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். அப்பத்தான் அதோட பின்பக்கத்தைச் சரியாப் பார்த்தேன். கறுப்புக் கம்பி வளைஞ்சு வளைஞ்சு, ஒட்டடை பிடிச்சு, சீ, அசிங்கம். கெட்டியான பச்சைத் துணியில உறை தைச்சு பின்னால மாட்டி, பெட்டியைச் சுவரோட ஒட்டித் தள்ளிவிட்டேன். பார்க்க அம்சமா இருந்துச்சு.

சித்திரை வெயில் வந்தா ஐஸ் கேட்டு எங்க வாசலுக்கு வராதவங்க கிடையாது. மில்லுக்குப் போறவங்க வீட்டுல இருந்து கிண்ணத்தோட வருவாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவரோட பட்டாளத்து சிநேகிதங்க வருவாங்க, அவங்க கிளாசுக்கும் ஐஸ் வேணும். கட்டி கட்டியா எடுத்துக் குடுக்கறதுல எனக்குக் கர்வம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தப் பெட்டி எங்களுக்கு நிஜமா எதுக்கு வேணும்னா, இவரோட மருந்துக்கு. இவருக்குச் சர்க்கரை. தினம் காலையில கண்ணாடி ஊசியை வெந்நீர்ல கொதிக்கவெச்சு இன்சுலின் போடுவேன். சண்டைக்குப் போய் வந்த மனுசன், ஊசியைப் பார்த்தா மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்குவார். கையை மட்டும் என்கிட்ட நீட்டுவார். அந்த மருந்து, கடையில சொல்லிவெச்சு பத்து நாள் காத்திருந்தாத்தான் மெட்ராஸ்ல இருந்து வரும். வந்ததைக் குளிர்ச்சியில வெச்சுப் பத்திரப்படுத்தணும்.

உறை மாட்டின அந்த வருசச் சித்திரையில ஐஸ் பிடிக்கறது நின்னுபோச்சு. காலையில தட்டுல ஊத்தின தண்ணி சாயந்திரமும் தண்ணியாவே கிடந்துச்சு. மொதல்ல கரண்டைத் திட்டினேன், விளக்கே அழுதுவடிஞ்சிட்டு இருந்த காலம் அது. கரண்ட் நல்லா இருந்த நாள்லயும் ஐஸ் இல்ல. கதவு ரப்பர்ல ஓட்டை இருக்கோன்னு காகிதத்தைக் கதவிடுக்குல வெச்சு இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாத்தான் பிடிச்சுது. ரப்பரை சோப்புத் தண்ணியால துடைச்சேன். பெட்டியை ஒரு நாள் பூரா அணைச்சுப்போட்டு, உள்ள இருந்த ஈரத்தை எல்லாம் காயவெச்சு, திரும்பப் போட்டேன். ஒண்ணும் நடக்கல. மோட்டார் மட்டும் ஓயாம ஓடிட்டே இருந்துச்சு.

உள்ள குளிரைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு உண்டு, ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும். எப்பவும் மூணுல நிக்கும். "அதுல கை வைக்காதே, ஆள் வந்து பார்க்கட்டும்"னு இவர் சொன்னார். இவர் அந்தப் பக்கம் போனதும் ஏழுக்குத் திருப்பினேன். மருந்து கெட்டுடக் கூடாதேன்னு, கீழ்த்தட்டுல இருந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்து, ஐஸ் அறைக்கு நேர் கீழ ஒட்டி வெச்சேன். அங்கதானே குளிர் ஜாஸ்தி?

அப்படியும் தண்ணி தண்ணியாத்தான் இருந்துச்சு. எதிர்வீட்டுக்காரி வெறும் கிண்ணத்தோட திரும்பறப்ப, "என்னாக்கா, உங்க பிரிட்ஜு இப்ப வெந்நீர் போடுதா?"ன்னு கேட்டுச் சிரிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னிக்கே ஆளனுப்பி, தேங்காய்த்திட்டுப் பக்கம் ஐஸ் கம்பெனியில மிஷின் பார்க்கிற ஒருத்தரை வரவழைச்சேன்.

அவர் கதவைக்கூடத் திறக்கல. பின்னால கையை விட்டுப் பார்த்தார், சுரீர்னு இழுத்துக்கிட்டார்.

"என்னாம்மா இது, வெயில் காலத்துல கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க? உள்ள இருக்கிற சூடு இந்தக் கம்பி வழியாத்தான் வெளிய போவணும். துணியைப் போட்டு மூடி, சுவத்துலயும் ஒட்டி வெச்சா எங்க போவும்?"

பச்சை உறையைக் கிழிக்காத குறையா உருவிப் போட்டார். ஒட்டடையைத் தட்டிவிட்டு, பெட்டியை ஒரு முழம் முன்னால இழுத்துவெச்சார். கிளம்பறப்ப கதவைத் திறந்து திருகைப் பார்த்தவர், "இதை மூணுக்குக் கொண்டாந்துடுங்க, இனிமே ஏழுல விட்டா குளிர் ஜாஸ்தியாயிடும்"ன்னு சொன்னார்.

"சரிண்ணே"ன்னேன். ஆனா திருப்பல. மறுநாள் ஞாயித்துக்கிழமை. சிநேகிதங்க வர்றதுக்குள்ள தட்டு நிறைய ஐஸ் பிடிக்கணும், எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம் நானே கொண்டுபோய்க் குடுக்கணும். அது ஒண்ணுதான் என் மண்டையில இருந்துச்சு.

விடிஞ்சு திறந்தா, அடேயப்பா! தட்டு கல்லாட்டம் இறுகியிருந்துச்சு. சந்தோசத்துல சத்தம் போட்டுச் சிரிச்சேன். அப்புறம்தான் கீழ ஒட்டி வெச்சிருந்த மருந்தை எடுத்தேன். ரெண்டு பாட்டிலும் உறைஞ்சு கிடந்துச்சு.

உள்ளங்கையில வெச்சு உருட்டினேன். மெல்ல இளகுச்சு. அந்த மருந்து எப்பவும் பாலாட்டம் இருக்கும், உருட்டினா ஒரே சீராக் கலந்துடும். இப்ப உள்ள சின்னச் சின்னதாத் திப்பி திப்பியா மிதந்துச்சு. இவர்கிட்டச் சொன்னா, "திருகுல கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"ன்னு கேட்பார். வேற மருந்து வர பத்து நாளாவும். இளகினா சரியாப் போயிடும், தயிர்சாதம் ஜில்லுன்னு ஆனா தயிர் கெட்டாப் போவுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். திருகை மூணுக்குத் திருப்பினேன். ஊசியில மருந்தை இழுத்தேன். இவர் முகத்தைத் திருப்பிக்கிட்டு கையை நீட்டினார். போட்டுட்டேன்.

ஒரு வாரத்துல குடம் குடமா தண்ணி குடிச்சார். சட்டை தொளதொளன்னு ஆச்சு. வீட்டுலயே சிறுநீரை நீல மருந்துல விட்டுக் காய்ச்சிப் பார்க்கிற வழக்கம் உண்டு. அது செங்கல் நிறத்துக்கு மாறுச்சு, சர்க்கரை அவ்வளவு ஏறியிருந்துச்சு. அப்பவும் வாயைத் திறக்கல நான். கடைக்கு ரெண்டு தரம் ஓடினேன், மருந்து வரலன்னாங்க. ஒம்பதாம் நாள் காலையில எழுந்திரிக்க முடியாம வாந்தியெடுத்தார். ரிக்‌ஷாவுல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

தெளிவு வந்ததும், பிரெஞ்சுல மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டே டாக்டர் இவரைப் பிடிச்சுக்கிட்டார். "முசே, தினம் ஊசி போட்டுமா இவ்வளவு சர்க்கரை? என்னா தின்னீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் தின்னலைங்க. சத்தியமா."

"ஞாயித்துக்கிழமை பார்ட்டி உண்டாமே? அங்க தின்னதை யாருக்குத் தெரியும்?"

அறுபது வயசு மனுசன். வார்டே வேடிக்கை பார்க்க, பள்ளிக்கூடப் பையனாட்டம் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினார். டாக்டர் நம்பல. என் பக்கம் திரும்பி, "மருந்து எங்கம்மா வெச்சிருந்தீங்க? வெயில்ல கிடந்துச்சா, உறைஞ்சு கிறைஞ்சு போச்சா?"ன்னு கேட்டார்.

"இல்லைங்க, நல்லாத்தான் இருந்துச்சு"ன்னேன்.

சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கல. இவர் என்னையே பார்த்தார். தனக்காகப் பேச நான் ஒருத்தியாவது இருக்கேன்னு நம்பின பார்வை. நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டேன்.

மருந்து நல்ல மருந்துன்னா அளவுதான் பத்தலன்னு முடிவுகட்டி, டாக்டர் அளவை ஏத்தினார். மூணாம் நாள் காலையில நர்ஸம்மா ஆஸ்பத்திரியோட நல்ல மருந்துல அந்தப் புது அளவைப் போட்டுட்டுப் போனாங்க. காபி வர்றதுக்குள்ள இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. கை வெடவெடன்னு ஆடுச்சு. என்னைப் பார்த்து யாரு நீங்கன்னு கேட்டார். ஐயோன்னு கத்திக்கிட்டு வராந்தாவுல ஓடினேன். நர்ஸம்மா ஓடி வந்து, சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சுன்னு குளுக்கோஸ் ஏத்தினாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணு தெளிஞ்சுது.

அப்பத்தான், டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டினேன். திருகு, ஏழு, உறைஞ்ச பாட்டில், திப்பி, நான் சொன்ன பொய். எல்லாம் இவர் படுக்கைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. டாக்டர் பழைய அளவை எழுதிட்டு, இவர்கிட்ட, "மன்னிச்சுடுங்க முசே"ன்னார். என் பக்கம் திரும்பாமலே அடுத்த படுக்கைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தோம். திட்டுவார்னு காத்திருந்தேன். திட்டினா அழுது, காலைப் பிடிச்சு, எப்படியாவது கடந்துடலாம். இவர் எப்பவும்போலப் பேசினார், சாப்பாடு நல்லா இருக்குன்னுகூடச் சொன்னார்.

மறுநாள் காலையில ஊசியைக் கொதிக்கவெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். உள்ளங்கையை விரிச்சார்.

"குடு. நானே போட்டுக்கறேன்."

"உங்களுக்கு ஆகாதேங்க..."

"பழகிக்கறேன்."

மொத நாள் தொடையில ரெண்டு தரம் குத்தி ரத்தம் வந்துச்சு. நான் கையை நீட்டினேன், இவர் தொடையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அதுக்கப்புறம் நாலு வருசம் உசுரோட இருந்தார். கண் மங்கி, கை நடுங்கி, கடைசி மாசம்வரைக்கும் தானேதான் போட்டுக்கிட்டார். போடறதுக்கு முந்தி, தினமும், ஜன்னல் வெளிச்சத்துல பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சு, மெல்ல உருட்டி, உத்து உத்துப் பார்ப்பார். நான் பக்கத்துலயே நிப்பேன்.