கேள்விக்குறியா நின்ன பேருங்க

பெருமாள்மலையில பனி இறங்குனா முதல்ல விறைக்கிறது விரல்தான். நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுல அதுக்கு ஒரு வைத்தியம் இருந்துச்சு… பழைய டப்பா மானிட்டர். பின்பக்கம் கதகதன்னு இருக்கும். வர்ற கஸ்டமரெல்லாம் அதுமேல கையை வச்சுச் சூடேத்திட்டுத்தான் விஷயத்துக்கே வருவாங்க.

ரெண்டாயிரத்து அஞ்சாறு வாக்குல நடந்தது. திண்டுக்கல்ல கம்ப்யூட்டர் டிப்ளமோ முடிச்ச கையோட அங்க சேர்ந்தேன். ஓனர் சேவியர் அண்ணன் போட்டோ எடுப்பார். நான் கம்ப்யூட்டர்ல அதைச் சரிபண்ணிக் குடுப்பேன்.

டூரிஸ்ட்டுங்க கொண்டு வர்ற பென் டிரைவ்ல வாரத்துக்கு ஒரு வைரஸ் வரும். ஒருநாள் பெங்களூர்க்காரர் ஒருத்தர், பனி விலகுற வரைக்கும் பொழுது போகாம, பையில இருந்த சிடியைப் போட்டு எங்க மெஷினை லினக்ஸுக்கு மாத்திக் குடுத்தார். "இனிமே வைரஸ் தொல்லையே இல்ல"ன்னார்.

பனி விலகுச்சு… அவரும் போயிட்டார்.

சொன்ன மாதிரி வைரஸ் வரல. ஆனா பழைய போட்டோ இருந்த டிஸ்க்கைத் திறந்தா, ஃபைல் பேரெல்லாம் வெறும் ???????. உள்ளூர் ஆளுங்க படத்துக்கெல்லாம் சேவியர் அண்ணன் தமிழ்லதான் பேர் வைப்பார். அது அத்தனையும் இப்படி ஆயிடுச்சு. கிளிக் பண்ணா 'அப்படி ஒரு ஃபைலே இல்லை'ன்னு மெசேஜ் வேற. சீசன் நேரம், பழைய படத்தை யாரும் கேட்கல. நாங்களும் கண்டுக்கல.

சீசன் முடிஞ்சு ஒருநாள் பார்வதி அக்கா வந்தாங்க.

அக்காவுக்குப் பக்கத்து எஸ்டேட்ல வேலை. சிலோன் தேயிலைத் தோட்டத்துல பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அப்புறம் கப்பலேத்தி இங்க அனுப்பப்பட்ட குடும்பம். வீட்டுக்காரர் ராமையா தவறிட்டார். நாளன்னைக்கு மக கல்யாணம். மணவறைக்குப் போறதுக்கு முன்னாடி பொண்ணு அப்பா படத்துக்கு முன்னால விழுந்து கும்பிடணும். வீட்டுல இருந்த ஒரே படம், கூரை ஒழுகி, கண்ணாடியோட ஒட்டிப் போச்சாம். மிச்சம் இருக்கிறது எங்க டிஸ்க்ல இருக்கிறது மட்டும்தான்.

"சொணங்குனாலும் பரவால்ல தங்கச்சி. எப்படியாச்சும் எடுத்துத் தாங்க"ன்னாங்க.

சுணங்க, அதாவது லேட் பண்ண, முடியாது. பெரிய பிரிண்ட் வத்தலக்குண்டு லேப்லதான் போடுவாங்க. சிடியை மதிய பஸ் கண்டக்டர் கையில குடுத்துவிட்டா, லேப்காரர் பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்குவார். அந்த பஸ்ஸை விட்டா கல்யாணத்துக்குப் படம் வராது.

சேவியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னத்தா, பூராம் கொக்கி கொக்கியாக் கெடக்கு? வெரசா பாரு."

முதல்ல ஃபான்ட்தான் இல்லைன்னு நினைச்சு தமிழ் ஃபான்ட் ஏத்துனேன். கொக்கி அசையல. ஆனா அதே மெஷின்ல தமிழ் வெப்சைட் ஒழுங்கா தெரியுது. டெஸ்க்டாப்ல 'பார்வதி'ன்னு புதுசா ஒரு ஃபைல் போட்டேன், அதுவும் அழகா வந்துச்சு. அப்போ ஃபான்ட் மேல தப்பில்ல. அந்த ஒரு டிஸ்க்லதான் கோளாறு.

பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்த் தேடுனதுல விஷயம் பிடிபட்டுச்சு. அது விண்டோஸ் காலத்து டிஸ்க். லினக்ஸ்ல அதைச் சேர்க்கும்போதே, பேர்களை எந்த முறையில வாசிக்கணும்னு சொல்லிடணும். பெங்களூர்க்காரர் அதைச் சொல்லாம விட்டுட்டார். தெரியாத எழுத்துக்கெல்லாம் மெஷின் தன் பாட்டுக்குக் கேள்விக்குறி போட்டிருக்கு. iocharset=utf8னு ஒரு வார்த்தை சேர்க்கணும்… இவ்வளவுதான் மருந்து.

கமாண்ட் குடுத்து டிஸ்க்கைக் கழட்டப் போனா 'பிஸி'ங்குது. கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம், இதுக்கு என்ன பிஸி? பார்த்தா, அந்த ஃபோல்டரை நானே திறந்து வச்சிருக்கேன். மூடிட்டு, கழட்டி, மறுபடி சேர்த்தேன்.

கொக்கியெல்லாம் தமிழாச்சு. மனசுக்குள்ள விசிலடிச்சுக்கிட்டேன்.

'ராமையா'ன்னு தேடுனேன். இல்ல.

ஒவ்வொண்ணா திறந்து பார்க்கவும் நேரமில்ல. ஆம்பளைங்க எல்லாரும் ஸ்டுடியோவோட அந்த ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு, அதே நீலத் திரைக்கு முன்னால நிப்பாங்க. சின்னப் படத்துல அத்தனை பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பாங்க. அதனால பேரையே வாசிச்சுக்கிட்டு வந்தேன். ஜீப் முருகேசன். பூண்டு கமிஷன். கிளாவரை டீக்கடை. ஆளுங்களை சேவியர் அண்ணன் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே பேர் வச்சிருக்கார்.

கொஞ்சம் கீழ… 'சிலோன்காரர்'.

திறந்தேன். அவர்தான். கோட்டுக் கை நீளமா, விரல் மட்டும் வெளிய தெரிய நின்னுக்கிட்டிருந்தார்.

அக்கா எனக்குப் பின்னாடிதான் நின்னாங்க. படத்தைப் பார்த்து ஆமான்னு தலையாட்டுனாங்க. அப்புறம் அதுக்குக் கீழ இருந்த பேரை வாசிச்சாங்க.

"அங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்"னாங்க. குரல்ல கோபமில்ல.

சேவியர் அண்ணன் நெளிஞ்சார். "அக்கா, மருவாதியாத்தான… காரர்னுதான போட்டிருக்கேன்."

"அவருக்குப் பேரு இருந்துச்சுங்களே."

ஃபைலுக்கு என்ன பேரோ, அதைத்தான் லேப்ல படத்துக்குக் கீழ பெருசாப் போடுவாங்க. நான் 'ராமையா'ன்னு மாத்துனேன். அக்கா மானிட்டர் மேல கையை வச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா வர்றதைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

பஸ் கிளம்புறதுக்குள்ள சிடி கண்டக்டர் கைக்குப் போயிடுச்சு. கல்யாணத்துக்கு நானும் போனேன். படத்துக்கு மாலை போட்டிருந்தாங்க, பேரை மறைக்காம கொஞ்சம் மேல தள்ளி.

அந்த ஸ்டுடியோ இருந்த இடத்துல இப்ப ஹோம்மேட் சாக்லேட் விக்கிறாங்க. இப்பல்லாம் எந்த மெஷின்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே தெரியுது. கொக்கியைப் பார்த்துப் பல வருஷம் ஆச்சு.

போன வாரம் என் போன்ல ஒரு நம்பர் தேடிக்கிட்டிருந்தேன். கேஸ்காரர். ஆட்டோ அண்ணன். தண்ணி கேன். எல்லாம் சுத்தமான தமிழ்ல, ஒரு எழுத்து பிசகாம…

மறுநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கிட்ட பேரு கேட்டேன்.

"எதுக்குக்கா? ஏதும் கம்ப்ளெயின்ட்டா?"ன்னு பயந்துட்டார்.