கால் எலும்பில் ஊன்றிய பற்கள்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் கலந்துகொள்ளும் உறவினர், நண்பர் அனைவருக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அண்ணன் வென்ற கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் பாலோ என்ற ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால் படிப்பை நிறுத்தி, லாரிப் பட்டறையில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். பின்னர் தம்போயில் சொந்தப் பட்டறை வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மகனையே தம் மகனாக எண்ணினார்.

தாடையில் புற்றுக்கட்டி வந்தது. கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை அகற்றி, அவர் காலிலிருந்தே எலும்பு எடுத்துப் பொருத்தினார்கள். உயிர் தப்பியது. பற்கள் போயின. கஞ்சியே உணவானது; விருந்துகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பொருத்திய எலும்பில் திருகாணி பதித்துப் பல் கட்டலாம் என்று மருத்துவர் சொன்னபோது நான் பதறினேன். எலும்பு பிடிக்காமல் போனால்? தாடையே உடைந்துவிட்டால்?

“வேணாண்ணே. உயிரோட இருக்கீங்க, அது போதும்.”

“உனக்குப் போதும். எனக்குக் கடிக்கணும் லா, பாப்பா.” பிறகு என் மகனிடம் திரும்பினார். “உங்கம்மாகிட்ட சொல்லுடா, மாமா வாயில இப்ப கால் இருக்கு. ரொம்பப் பேசினா வாயாலயே ஒதைப்பேன்.”

திருகாணிகளை எலும்பு பற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தோம். பல் கட்டிய பிறகும் நான் பயந்து சோற்றைக் குழைத்தே வைத்தேன். ஒருநாள் சமையலறையில் என் முதுகுக்குப் பின்னால் ‘நறுக்’ என்று சத்தம். திரும்பினேன். அண்ணன் கையில் கடித்த கொய்யாக்காய். கண்ணில் நீர், வாய் நிறையச் சிரிப்பு.

“அலமாக்!” என்று வியந்தவர், “உப்பு எங்க?” என்றார்.

அதன்பின் எந்தப் பந்தியையும் அவர் விடவில்லை. மாரடைப்பு வந்த அன்று காலையிலும் பொரித்த நெத்திலியைக் கொறித்தபடிதான் பட்டறைக்குப் புறப்பட்டார்.

தாடையைச் சீரமைத்த மருத்துவர்களுக்கும், பட்டறையை மூடாமல் காத்த தோழர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த உங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இன்னும் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தகனத்துக்கு மறுநாள் எலும்பு எடுக்கச் சென்றோம். தொட்டதெல்லாம் உதிர்ந்தது. மகன் ஒரு சிறு துண்டை என்னிடம் நீட்டினான். எலும்பும் திருகாணியுமாக இருந்தது.

“திருகாணியை மட்டும் தனியா எடுத்துடச் சொல்றாங்கம்மா, இங்க வேலை செய்றவங்க. இழுத்துப் பாத்தேன், வரவே மாட்டேங்குது.”

“இழுக்காதப்பா,” என்றேன்.

அப்படியே கடலில் சேர்த்தோம்.